ஒரே உயரத் தோப்புகள்

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி வழியாகக் கடற்கரைப் பக்கம் போகும் சாலைகளில் இன்று பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற வெளியூர்க்காரரிடம் இங்கே ஒரு புயல் அடித்தது என்று சொன்னால் நம்பத் தயங்குவார். இரு பக்கமும் தென்னை. கீற்றுகள் வெயிலில் பளபளக்கின்றன. வாய்க்கால் ஓரங்களில் கன்றுக்குட்டிகள் நிழல் தேடிப் படுத்திருக்கின்றன. உள்ளூர்க்காரருக்கு மட்டும் அந்தப் பச்சையில் ஒன்று உறுத்தும். தோப்புக்குத் தோப்பு மரங்கள் எல்லாம் ஒரே உயரம். பழைய தென்னந்தோப்பு அப்படி இருக்காது. தாத்தா வைத்தது அண்ணாந்து பார்க்க வைக்கும், அப்பா வைத்தது அதில் முக்கால், இடி விழுந்து பட்டுப்போன மரத்தின் குழியில் போன ஆடியில் ஊன்றிய பிள்ளை இடுப்பளவு என்று மூன்று தலைமுறை ஒரே வரப்புக்குள் கலந்து நிற்கும். இப்போது இருப்பவை பெரும்பாலும் 2019-க்குப் பிறகு மண்ணுக்கு வந்தவை. நடுவில் எங்காவது ஒரு கிழட்டு நெட்டை மரம் சாய்ந்த வாக்கில் தப்பி நிற்கிறது. இந்தத் தோப்புகளைப் பார்த்து ‘மீண்டுவிட்டது’ என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், எந்த ஆண்டிலிருந்து? நட்ட நாளிலிருந்தா, பாளை விட்ட நாளிலிருந்தா, கடன் தீர்ந்த நாளிலிருந்தா? அந்தக் கடைசி நாள் பலருக்கு வந்திருக்கிறதா என்பதே சந்தேகம்.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவுக்குப் பிறகு, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. கடலோரத்தோடு நின்றிருந்தால் அது மீனவர் துயரமாக மட்டும் பதிவாகியிருக்கும். திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்நாட்டுக்குள் வலு உடனே குறைந்துவிடாமல் போய், காற்றை அவ்வளவாக அறியாத ஊர்களையும் புரட்டிப் போட்டது. விடிந்தபோது சாலை தெரியவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். மின்சாரம் வர சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. ஆனாலும் வந்துவிட்டது. அந்த நிலத்தின் ஒவ்வொரு பொருளும் தன் காலத்தில் திரும்பியது. வேதாரண்யத்து முல்லைக் கொடி சில மாதங்களில் தழைத்துப் பூத்தது. கடல் உள்ளே வந்து சேறு படிந்த உப்பளப் பாத்திகள் அடுத்த பருவத்தைத் தாமதமாகவேனும் தொடங்கின. முறிந்த படகு, பணம் இருந்தால், மாதக்கணக்கில் சரியாகும். மாமரம் ஆண்டுகள் கேட்கும். நெட்டைத் தென்னை ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் முதல் பாளையைக் காட்டும். வெட்டுக்கு வெட்டு நிறைவாகக் காய் கொடுக்க இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். நிவாரணம் மட்டும் இந்தக் காலங்களில் எதையும் சேராமல், நிதியாண்டு என்ற தன் காலத்தில் வந்து போனது.

பேரிடர் நிதிக்கான மத்திய அரசின் அன்றைய விதிமுறையில், ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர் எதுவானாலும் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஹெக்டேருக்கு 175 தென்னை என்று வைத்தால் மரத்துக்கு நூறு ரூபாயைச் சற்றே தாண்டும். மாநில அரசு இதை உயர்த்தி, விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 1,92,500. முந்தைய புயல்களோடு ஒப்பிட்டால் சிறிய தொகை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரத்துக்கு அரசு தந்த விலைக்கும் அதன் பிணத்தை எடுக்க அரசு தந்த கூலிக்கும் இடையே நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்பது அந்த நாட்களில் டீக்கடைகளில் கசப்பாகச் சிரிக்கப்பட்ட விஷயம்.

காய்க்கும் தென்னை என்பது என்ன? ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி எப்படியோ, தோப்புக்காரருக்கு வெட்டு அப்படி. பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி, கல்யாணச் சீர் எல்லாம் ‘அடுத்த வெட்டுக்கு’ என்று தவணை சொல்லப்படும். ஆனால் வெட்டு தோப்புக்காரரோடு முடிவதில்லை. மரமேறி வருகிறார், காயைப் பொறுக்கிக் குவிக்கும் பெண்கள் வருகிறார்கள், தரையில் நட்ட கூர்க்கம்பியில் காயைக் குத்தித் திருகி மட்டை உரிப்பவர் வருகிறார், அவருக்குக் கூலி எண்ணிக்கைக்கு. மட்டை கயிற்று ஆலைக்கு, காய் லாரியேறிக் காங்கேயத்துக் கொப்பரைக் களங்களுக்கு. பழுத்து விழும் மட்டையிலிருந்து கீற்று முடைந்து விற்பவர், ஈர்க்கு கிழித்துத் துடைப்பம் கட்டும் கிழவி என்று வரிசை நீளும். நவம்பர் 16-க்குப் பிறகு இந்த வரிசை முழுதும் அறுந்தது. வரிசையின் தலையில் நிற்பவருக்கு மட்டும்தான் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவு இருந்தது. கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் தென்னை வைத்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. உரிக்கும் கம்பியைத் தவிர வேறெதுவும் சொந்தமில்லாதவர் எந்த மரத்தை இழந்ததாகக் கணக்கெடுப்பாளரிடம் காட்டுவார்?

விழுந்த மரங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. தென்னை விறகுக்கும் சொத்தை, எல்லா மரவேலைக்கும் உதவாது. ஒரே நாளில் ஒரு வட்டாரத்தின் தோப்பெல்லாம் சாய்ந்துவிட்டால் செங்கல் சூளைக்காரர்கூட இலவசமாகக் கேட்பார். ஜே.சி.பி.க்கு மணி வாடகை ஏறியது. மழையில் ஊறிய குருத்துகள் புளித்து நாறின; இனிப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை தை மாதம் வரை வீட்டுக்குள் வந்தது. அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். எனவே மரத்தை அகற்றாமல் விட்டவரின் தோப்பு, அகற்றிப் புதுப்பிள்ளை ஊன்றியவரின் தோப்புக்கும் எதிரியானது. தனித்தனியாகக் கணக்கிட்டுத் தனித்தனிக் கணக்கில் போட்ட பணம் இங்கே தடுமாறியது. நஷ்டம் தனித்தனியாக எழுதப்பட்டாலும், தேறுவது வரப்பு தாண்டிய காரியமாக இருந்தது.

இதே கடற்கரை, கஜாவுக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றைக் கற்றிருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிச் சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த உதவியின் அளவும் வேகமும் தமிழகம் அதுவரை காணாதது. நாகை சாலையோரங்களில் யாரும் தொடாத பழைய துணி மூட்டைகள் மழையில் நனைந்து குவிந்து கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். துணிக்கு அடுத்தபடி எல்லோரும் கொடுக்க விரும்பியது படகு. படகு படம் எடுக்க நன்றாக இருக்கும். அதன் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். சாவி கொடுப்பதுபோல் துடுப்பைக் கொடுத்து விழா எடுக்கலாம். கட்டுமரத்தை இழந்தவருக்கு ஃபைபர் படகு, கூலிக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரு ஃபைபர் படகு என்று கரை நிறைந்தது. அவசரமாக முளைத்த பட்டறைகளில் வார்த்த படகுகளின் தரம் பற்றி மீனவர் கூட்டமைப்புகளே எச்சரித்தன. சீக்கிரத்தில் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. கூலியாட்கள் எல்லோரும் முதலாளிகள் ஆகிவிட்டதால் பல ஊர்களில் கடலுக்குப் போக ஆள் இல்லை. மீனும் அதே மீன், கடலும் அதே கடல். படகு அதிகமானால் ஒவ்வொரு படகின் பங்கும் சுருங்கும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உள்ளிட்டோர் அப்போதே சொன்னார்கள்.

இந்த விமர்சனத்தோடு முழுவதும் உடன்படவும் முடியவில்லை. காலங்காலமாக அடுத்தவர் படகில் பங்குக்குப் போனவர் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு படகைத் தொட்டுப் பார்ப்பதைக் ‘கூடுதல் கொள்திறன்’ என்று எழுத எந்த நிபுணருக்கும் கொஞ்சம் கை கூச வேண்டும். இருந்தும் நடந்தது நடந்ததுதான். முன்பு இல்லாத அளவுக்குப் பணமும் படகும் புழங்கிய அந்த ஆண்டுகளில்தான், தமிழக அரசு 2000-ஆம் ஆண்டே தடைசெய்திருந்த, மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை இந்தக் கரையில் பரவத் தொடங்கியது. ஊருக்கு ஊர் பகை மூண்டது. வழக்கு நடந்து நடந்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், பகல்நேரத்தில் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. ஓர் அலையின் நிவாரணம் பதினெட்டு ஆண்டு கழித்து ஒரு நீதிமன்ற உத்தரவின் நேர அட்டவணையில் வந்து நிற்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நாகை, மயிலாடுதுறை மீனவ ஊர்களில் கேட்டுப் பார்த்தால் அவ்வளவு மிகையாக இருக்காது.

படகைச் சுற்றியே கண்கள் இருந்ததால் மீன்கூடை தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு வாரக்கணக்கில் தமிழகத்தில் மீன் வாங்க ஆள் இல்லை. கடலில் மிதந்த உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற அருவருப்பு சந்தைகளைக் காலியாக்கியது. கரையிலிருந்து அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்ற பெண்ணுக்கு அந்த வாரங்கள் இரண்டாவது அலை. அவளுடைய தொழில் முதல் என்பது ஏலக்காரர் மாலைவரை தரும் தவணை, தண்டல்காரரிடம் வாங்கிய நாள் வட்டிப் பணம், ‘நாளைக்குக் கொடு’ என்று கடன் சொல்லி வாங்கும் நாற்பது வீடுகளின் நினைவு. இவற்றில் எதையும் அலை அடித்துக்கொண்டு போனதாக மனுவில் எழுத முடியாது. வந்த உதவியை ஊர்ப் பஞ்சாயத்து எல்லோருக்கும் சமமாகப் பிரித்தது என்பதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள், பாராட்டத் தகுந்ததே. ‘எல்லோரும்’ என்பது பெரும்பாலும் வரி கட்டும் ஆண்களின் பட்டியல். கைம்பெண்கள் அந்தப் பட்டியலின் ஓரத்தில் இருந்தார்கள். மீனவரல்லாத தலித் கூலிக் குடும்பங்கள் அதில் இல்லவே இல்லை. வீடு கிடைத்தவர்களின் நிலைமை எப்படி? சென்னை எர்ணாவூரில் சுனாமிக் குடியிருப்புப் பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றிருந்த செய்தி 2007 தொடக்கத்தில் வெளியானது. தலைக்கு மேல் கூரை வந்து இரண்டாண்டுகூட ஆகாத நேரம். கடலிலிருந்து தள்ளிக் குடிவைக்கப்பட்டவர்களுக்குச் சுவர் இருந்தது. நாளைய மீனுக்கு முன்பணம் தர ஆள் இல்லை.

நிதானமாக நடந்து பலித்ததும் ஒன்று உண்டு. கடல்நீர் புகுந்த நாகை வயல்கள் இனிப் பல ஆண்டுக்குத் தேறாது என்று பேசப்பட்டது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு இருந்தவர்களும் விவசாயிகளோடு உட்கார்ந்து செய்ததில் கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. படிந்த கடற்சேற்றை வழித்தெடுத்தார்கள், வரப்பை உயர்த்தி மழையைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதார்கள், குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் நெல்லைத் தேடிப் போட்டார்கள். மழை வந்து போகக் காத்திருந்தார்கள். நிபுணர்கள் சொன்னதைவிட முன்னதாகவே நிலம் தேறியது. இங்கே உதவி மண்ணின் காலத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தது. இதைப் பெயர் எழுதித் திறந்துவைக்க முடியாது என்பதால் இதற்குப் பெரிய கொடையாளர்கள் போட்டியிடவில்லை.

திரும்பவும் தென்னை ஊர்களுக்கு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் பக்கம் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் தேவையில்லை. முறை வந்தவர்கள் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஆட்டுக்கறி ஆக்கி, பத்திரிகை அடித்து அழைக்கிறார்கள். பந்தலோரம் ஆளுக்கொரு மேசை, மேசைக்கு இரண்டு எழுத்தர்கள், நோட்டு எண்ணும் இயந்திரம். சாப்பிட்டவர் எழுதும் தொகைக்கு வட்டி கிடையாது. ஆனால் திருப்பிச் செய்யும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் வைத்துத்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் உறவு அத்தோடு கணக்கு முடித்துக்கொண்டது என்று பொருள். ஒருவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை முறை வரும். லட்சங்களில் விழும் அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறங்கும், மகன் சிங்கப்பூர் போவான், தோப்பு வாங்கப்படும். வங்கிகள் கண்டுபிடிக்காத கூட்டு நிதி நிறுவனம் இது. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. கோடு போட்ட நோட்டும் ஊரின் ஞாபகமும்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சடங்கு என்றோ சூதாட்டம் என்றோ எழுதிவிட்டுப் போவதுண்டு. ஒரு வீட்டின் கிணறு வற்றும்போது நானூறு வீடு சேர்ந்து தூக்கும் ஏற்பாடு அது.

நானூறு வீட்டின் தோப்பும் ஒரே இரவில் விழுந்தால்? கஜா இந்த ஏற்பாட்டை அடித்தது இந்த இடத்தில். புயலுக்கு மூன்று மாதம் முன்னால், ஆவணியில் விருந்து வைத்தவர் கையில் பணம் இருந்தது. அடுத்த ஆடிக்கு முறை வைத்துக் காத்திருந்தவருக்கு, அவர் ஐந்தாண்டாக ஊரெல்லாம் செய்து வைத்த மொய் திரும்ப வேண்டிய நேரத்தில், திருப்ப வேண்டியவர்கள் எல்லோரும் மரம் அகற்றக் கூலி தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு மொய் வசூல் படுத்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. அதற்கடுத்த ஆண்டு கொரோனா பந்தலையே போடவிடவில்லை. மொய்யில் ஏமாந்தவர் என்று யாரும் இல்லை, ஏமாற்றியவரும் இல்லை. ஆனால் நோட்டுகளில் ஒரு தலைமுறையின் நம்பிக்கை தேங்கிப்போயிருந்தது. அரசின் பணம் இங்கேதான் தேவைப்பட்டது என்று தோன்றுகிறது. ஊருக்குள் சுற்றும் பணம் ஊர் முழுவதும் விழுந்த நேரத்தில் ஊரைத் தூக்காது; வெளியிலிருந்து ஒரு தொகை அந்தச் சுழற்சிக்குள் இறங்க வேண்டும். இறங்கவும் செய்தது. ஆனால் மொத்தமாக ஒருமுறை வந்தது, மரத்தின் பெயரால் வந்தது, நிலத்தின் உடைமையாளரிடம் வந்தது. மொய் ஐந்தாண்டில் சுற்றும், தென்னை ஏழாண்டில் காய்க்கும், நுண்கடன் நிறுவனத்தின் ஆள் மட்டும் வாரம் ஒருமுறை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டு யோசிக்க எந்தத் துறைக்கும் அதிகாரமில்லை. வேளாண் துறைக்குக் கன்று, வருவாய்த் துறைக்குக் கணக்கெடுப்பு, வங்கிக்குக் கடன் ஒத்திவைப்பு.

இடைப்பட்ட ஆண்டுகளை எப்படித் தாண்டினார்கள்? நிழல் போய் வெயில் விழுந்த தரையில் உளுந்தும் கடலையும் சோளமும் போட்டார்கள். நிழலை நம்பியிருந்த கோகோவை மறந்தார்கள். வெளிநாட்டில் ஆள் இருந்த வீடு தாங்கியது. இல்லாத வீட்டிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் ஆள் போனது. புயல் நிவாரண வேலையில் ஒன்றுகூடிய பேராவூரணி இளைஞர்கள் கலைந்து போகாமல், ‘கைஃபா’ என்ற பெயரில் 2019-இல் ஊர்ப் பெரிய குளத்தைத் தூர்வார இறங்கினார்கள். ஐந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட கடைமடை ஏரி அது. தென்னம்பிள்ளைக்கு முதல் மூன்று கோடை தாண்டுவதுதான் கண்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். கல்லணைக் கால்வாயின் வால்பகுதிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஒரு பேரிடருக்குப் பிறகு யாரும் கேட்காமலேயே குளத்தை நினைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. நிவாரணப் பட்டியல்களில் குளம் இருந்ததில்லை. புயலில் குளம் சேதமாகாதே.

பிறகு விலை தன் விளையாட்டைக் காட்டியது. 2022, 2023-இல் தேங்காய் சீந்துவாரற்றுக் கிடந்தது. கொப்பரை ஆதரவு விலைக்கும் கீழே போய், ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் காய்க்காத ஆண்டுகள் அவை; பட்டுக்கோட்டைக்கு அது ஒரு விதத்தில் பாதி வலிதான். 2025-இல் வறட்சியும் சுருள் வெள்ளை ஈயும் பொள்ளாச்சி விளைச்சலைக் குறைக்க, விலை யாரும் கண்டிராத உயரத்துக்கு ஏறியது. புயலுக்குப் பின் முதன்முதலில் ஊன்றிய நெட்டைகளும் அவற்றுக்கு முன்பே காய்த்த ஒட்டு ரகங்களும் அந்த நேரத்துக்குக் காய்ப்புக்கு வந்திருந்தன. இதை மீட்சி என்று எழுதலாம்தான். ஆனால் பொள்ளாச்சியில் ஈ விழுந்ததால் பேராவூரணி எழுந்தது என்றால், அதில் நிவாரணத்தின் பங்கு எவ்வளவு, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? நடுவில் தோப்பை விற்றுவிட்டவர் இந்த விலையைச் செய்தித்தாளில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். வெட்டு திரும்பி வந்திருக்கிறது. வெட்டுக்கு ஆள் திரும்பவில்லை. திருப்பூர் போன மரமேறியின் மகன் இனி மரம் ஏறப்போவதில்லை, அவன் ஏற வேண்டும் என்று ஆசைப்படவும் யாருக்கும் உரிமையில்லை. பொருளாதாரம் மீண்ட பிறகும் அதிலிருந்த மனிதர்கள் வேறாகிவிட்டால் மீண்டது எது என்ற சங்கடம் இந்த இடத்தில் வந்து நின்றுகொள்கிறது, நகர்வதில்லை.

2022-இல் மத்திய விதிமுறை திருத்தப்பட்டது. நிலைத்து நிற்கும் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய். வரம்பு அதே இரண்டு ஹெக்டேர். அந்த விதிமுறையின் காலம் 2025-26-ஆம் நிதியாண்டு வரை. மூன்று வயதுத் தென்னைக்கும் முப்பது வயதுத் தென்னைக்கும் ஒரே தொகை என்பதை மாற்றுவது எளிது. மரத்தின் வயதுக்கு ஒரு கட்டம் போட்டால் போதும். முழுத்தொகையையும் ஒரே நாளில் தராமல் காய்க்கும்வரை ஆண்டுதோறும் பிரித்துத் தருவதும் கணினி யுகத்தில் முடியாத காரியமல்ல. உரிப்பவரின் பெயரை எங்கே எழுதுவது என்பதுதான் கடினம். கஜா நேரத்தில் அவருக்கென்று இருந்த ஒரே கதவு நூறுநாள் வேலை. இயற்கைப் பேரிடர் வந்தால் அதில் கூடுதலாக ஐம்பது நாள் தரலாம் என்று விதி இருந்தது. ஏழாண்டுக்கு ஐம்பது நாள்.